மாலை ஏழு மணிக்கு மேல் மட்டும் அணைந்து எழும் கணினி: எஸ்எம்பிஎஸ் பழுதா, வேறு ஏதேனுமா?

கடைமடைக்காரன் | ஆகஸ்ட் 9, இரவு 10.52

அனைவருக்கும் வணக்கம். கடந்த சனவரியில் நானே பாகங்களை வாங்கி, நானே பொருத்திய கணினி இது. ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் இருக்கும் என்விஎம்இ சேமிப்பகம், குடும்பப் படங்கள் இருக்கும் 2 டிபி ஹார்ட் டிஸ்க், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி). ஐந்து மாதம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஜூன் கடைசியிலிருந்து, மாலை ஏழு மணிக்கு மேல் காணொளியை ரெண்டர் செய்யும்போதோ பெரிய விளையாட்டு ஒன்றைத் திறந்து வைத்திருக்கும்போதோ, திரை சட்டென்று கறுத்துக் கணினி தானாகவே மறுபடி தொடங்குகிறது. பிழை காட்டும் நீலத்திரை எதுவும் வருவதில்லை. பகலில் இதே வேலையை மூன்று மணி நேரம் தொடர்ந்து கொடுத்தாலும் ஒன்றும் ஆவதில்லை. இரவில் வெறுமனே ஏதாவது படித்துக்கொண்டிருந்தாலும் ஒன்றும் ஆவதில்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் கெர்னல் பவர் 41 என்ற பதிவு இருக்கிறது. பிராசஸர் 74 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 68 டிகிரி. ஆகவே சூடு காரணமில்லை என்று நினைக்கிறேன். ஆனால் சென்சார் மென்பொருள் 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 11.3 என்று காட்டுகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: செருப்பில்லாமல் நின்று கேபினட்டின் பின்பக்கத் திருகைத் தொட்டால் விரலில் சுள்ளென்று இழுக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்றே தோன்றுகிறது. புதிதாக 650 வாட் ஒன்று வாங்கிவிடலாமா?

நிழல்வலை | ஆகஸ்ட் 9, இரவு 11.20

தாராளமாக வாங்குங்கள். 3060 கார்டுக்கு 550 வாட் போதும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், சுமை ஏறும் கணத்தில் கார்டு இழுக்கும் மின்சாரம் சராசரியைவிட மிக அதிகம். அப்படியே கிராபிக்ஸ் டிரைவரையும் முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவிப் பாருங்கள்.

பழைய_பென்டியம் | ஆகஸ்ட் 10, காலை 6.35

தம்பி, வாங்குவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். நீங்கள் எழுதியவற்றில் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றவாளியாக்கும் சான்று இன்னும் ஒன்றுகூட இல்லை.

முதலில் அந்த 41. விண்டோஸ் முறையாக மூடப்படாமலேயே கணினி நின்றுபோயிற்று என்பதை மறுமுறை எழும்போது விண்டோஸ் குறித்துவைக்கும் பதிவுதான் அது. ஏன் நின்றது என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பதிவின் விவரத்தைத் திறந்து, பக்செக் கோடு என்ற வரியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே 0 இருந்தால், பிழையை எழுதிவைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது மின்சாரத்தின் பக்கம் ஐயம் கொள்வதில் நியாயம் உண்டு.

அடுத்து அந்த 11.3. மதர்போர்டில் இருக்கும் சென்சார் காட்டும் எண்ணை வைத்து எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். என்னிடம் இருக்கும் ஒரு போர்டு 12 வோல்ட்டைப் பல ஆண்டுகளாக 10.2 என்றே காட்டிவருகிறது, அதுவும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் எடுங்கள். கணினி ஓடும்போதே, 24 முனைக் கனெக்டரின் பின்புறம் கம்பி நுழையும் இடத்தில் சிவப்பு முள்ளைச் செருகி, கறுப்பு முள்ளைக் கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகத்தில் வையுங்கள். மஞ்சள் கம்பி 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி இவை மூன்றுக்கும் ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ இடம் உண்டு. அதாவது 12 வோல்ட் என்பது 11.40 முதல் 12.60 வரையிலும், 5 வோல்ட் என்பது 4.75 முதல் 5.25 வரையிலும் இருக்கலாம். சும்மா இருக்கும்போது ஒரு முறையும், ரெண்டர் ஓடும்போது ஒரு முறையும் அளந்து எழுதுங்கள். முள் வழுக்கிப் பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஜெம் கிளிப்பால் இணைத்துப் பார்க்கும் சோதனையை யாராவது சொல்வார்கள். அது எஸ்எம்பிஎஸ் விழிக்கிறதா என்பதை மட்டுமே காட்டும், சுமை தாங்குமா என்பதைக் காட்டாது. உங்கள் சிக்கலோ சுமை ஏறும்போதுதான் வருகிறது.

கடைசியாக ஒரு கேள்வி. ஏழு மணிக்கு மேல் உங்கள் வீட்டில் வேறென்ன நடக்கிறது? கணினிக்கு மணி பார்க்கத் தெரியாது.

மின்னேணி | ஆகஸ்ட் 10, காலை 9.10

நான் வீட்டு வயரிங் வேலை செய்பவன். கணினியைப் பற்றி அதிகம் தெரியாது. அந்த "சுள்" என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டுவதற்காக, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கப்பாசிட்டர்கள் உலோகக் கூட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியே கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கூடு முழுவதும் ஏறத்தாழ 115 வோல்ட்டில், அதாவது நம் 230இல் பாதியில், மிதந்துகொண்டிருக்கும். கசிவது மிகச் சிறிய மின்சாரம் என்பதால் ஆளைத் தூக்கி எறியாது. ஆனால் டெஸ்டர் எரியும், விரல் சுள்ளென்கும். ஆகவே அது எஸ்எம்பிஎஸ் பழுதின் அறிகுறி ஆகாது. உங்கள் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. சுவர் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வருவதற்கு நெருக்கமான எண் வர வேண்டும். எர்த் இல்லை என்பதற்காக நியூட்ரலை எர்த் முனையோடு முறுக்கிவிடும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வெளியே நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் உங்கள் கேபினட்டில் வந்து நிற்கும்.

கடைமடைக்காரன் | ஆகஸ்ட் 13, இரவு 9.48

இருவருக்கும் நன்றி. பக்செக் கோடு எல்லாப் பதிவுகளிலும் 0தான். மல்டிமீட்டர் அளவுகள் இவை: சும்மா இருக்கும்போது 12.09, 5.03, 3.31, ரெண்டர் ஓடும்போது 11.88, 5.00, 3.30. மாலையில் அளந்தாலும் அதே எண்கள்தான், அணையும் கணம் வரை.

எர்த் சிக்கலின் காரணம் வெட்கப்படும்படியாக இருந்தது. மேசைக்கடியில் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கில் பெரிய முள் உடைந்து, இரண்டு முள்ளோடு செருகப்பட்டிருந்தது. மாற்றிவிட்டேன், சுள்ளும் நின்றுவிட்டது.

ஏழு மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். எங்கள் தெருவில் எல்லோரும் விளக்கு போடுகிறார்கள், டிவி போடுகிறார்கள், சிலர் ஏசி போடுகிறார்கள், வேறு எதுவும் இல்லை. ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், இன்வெர்ட்டர் அவ்வப்போது டக் டக் என்று சத்தம் போடும். அது நான் சிறுவனாக இருந்ததிலிருந்தே எங்கள் வீட்டில் வழக்கம்.

இதற்கிடையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர் போயிருந்தபோது கடையில் விலை குறைவாக இருந்ததால் 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கிவந்துவிட்டேன். எல்லாக் கேபிள்களையும் தனித்தனியே கழற்றி மாட்டக்கூடிய வகை. ஞாயிற்றுக்கிழமை பொருத்துகிறேன்.

கடைமடைக்காரன் | ஆகஸ்ட் 17, பிற்பகல் 2.15

அவசரம். புதிய எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்தினேன். பொத்தானை அழுத்தினால் பிராசஸர் ஃபேன் கால் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. சுவர் ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி அதே கால் சுற்று. மதர்போர்டு போய்விட்டதா?

பழைய_பென்டியம் | ஆகஸ்ட் 17, பிற்பகல் 2.40

பதறாதீர்கள். நீங்கள் விவரிப்பது, எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்த எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் செயல். அதனால்தான் சுவர் ஸ்விட்சை அணைத்து எடுக்கும் வரை அது மறுபடி முயல்வதில்லை. ஒரு வகையில் நல்ல செய்தி, அது உயிரோடு இருந்து தன் வேலையைச் செய்கிறது.

சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, 24 முனைக் கேபிள், பிராசஸருக்கான 8 முனைக் கேபிள், கிராபிக்ஸ் கார்டின் கேபிள், ஒரே ஒரு ராம் ஆகியவற்றைத் தவிர மற்ற அனைத்தையும் கழற்றுங்கள். உங்கள் 5600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால் கார்டு இல்லாமல் படம் வராது, அதை வைத்திருங்கள். பிறகு அழுத்திப் பாருங்கள். எழுந்தால் ஒவ்வொன்றாக மாட்டி, எதை மாட்டும்போது நிற்கிறது என்று பாருங்கள்.

ஒன்றைக் கேட்கவே எனக்குச் சற்று அச்சமாக இருக்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் எதையாவது அப்படியே விட்டுவிட்டீர்களா?

கடைமடைக்காரன் | ஆகஸ்ட் 17, மாலை 4.05

ஆம் ஐயா. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் கேபிளை மதர்போர்டு தட்டின் பின்பக்கம் டை போட்டு அழகாகக் கட்டியிருந்தேன். அதை அவிழ்க்க மனமில்லாமல், அதன் மறுமுனையை மட்டும் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். 6 முனைக் கனெக்டர் சற்றும் சிரமமில்லாமல் உள்ளே போயிற்று, கொக்கியும் மாட்டிக்கொண்டது.

நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றினேன். கணினி எழுந்துவிட்டது, விண்டோஸும் வந்தது. ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் மட்டும் கால் சுற்றில் நிற்கிறது. அதில்தான் அக்காவின் திருமணப் படங்கள் அனைத்தும் இருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை.

ஈயப்பற்று | ஆகஸ்ட் 17, மாலை 5.30

இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். மதுரையில் சிறிய பழுதுபார்ப்புக் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேபிள் விபத்தில் அடிபட்ட டிஸ்க் என் மேசைக்கு வராத மாதம் குறைவு. தம்பி, தயவுசெய்து அந்த டிஸ்க்கை இனி எந்த மின்சாரத்திலும் மாட்டாதீர்கள். படங்கள் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும்.

நடந்தது இதுதான். சாட்டா கேபிளில் டிஸ்க்கின் பக்கம் இருக்கும் முனை உலகம் முழுவதும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கம் இருக்கும் முனைக்கோ எந்தப் பொது விதியும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும், சில வேளைகளில் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களும்கூட, கம்பிகளைத் தத்தம் விருப்பப்படி வரிசைப்படுத்துகின்றன. பிளாஸ்டிக் வடிவம் மட்டும் ஒன்றாக இருப்பதால் உள்ளே போய்விடுகிறது. நம்பிக்கையில்லாவிட்டால் அளந்து பாருங்கள். எதையும் மாட்டாமல், 24 முனைக் கனெக்டரின் 16ஆம் முனையையும் 17ஆம் முனையையும் ஜெம் கிளிப்பால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பி, அந்தப் பழைய கேபிளின் சாட்டா முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருக்கலாம் என்பதால் நிறத்தை நம்பாமல், கையேட்டில் இருக்கும் படத்தைப் பார்த்து முனைகளை எண்ணுங்கள். சாட்டா முனையில் வரிசை 3.3, கிரவுண்ட், 5, கிரவுண்ட், 12 என்று இருக்க வேண்டும்.

அடுத்து டிஸ்க்கைத் திருப்பிப் போடுங்கள். பச்சை நிறச் சர்க்யூட் போர்டில், பவர் கனெக்டருக்குப் பக்கத்திலேயே அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, கறுப்பு நிறத்தில் இரண்டு டையோடுகள் இருக்கும். சில மாடல்களில் போர்டு உட்பக்கம் பார்த்திருக்கும். அப்படியானால் நட்சத்திரத் தலைத் திருகுகளைக் கழற்றிப் போர்டை மட்டும் எடுக்கலாம், டிஸ்க்கின் மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு டையோடு 5 வோல்ட் வழிக்கும் மற்றொன்று 12 வோல்ட் வழிக்கும் காவல். அளவுக்கு மீறிய மின்னழுத்தம் வந்தால் அது தன்னைப் பலிகொடுத்து ஷார்ட் ஆகி, பின்னால் இருக்கும் சில்லுகளைக் காப்பாற்றும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டின் குறுக்கேயும் அளந்து சொல்லுங்கள்.

இதற்கிடையில் "அதே மாடல் டிஸ்க் ஒன்று வாங்கிப் போர்டை மாற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் இருக்கும் நினைவகத்தில் பதிந்திருக்கும். அதையும் பெயர்த்து மாற்றாமல் வெறும் போர்டை மாற்றினால் பெரும்பாலும் வேலை செய்யாது.

கடைமடைக்காரன் | ஆகஸ்ட் 17, இரவு 8.20

அளந்தேன் அக்கா. பழைய கேபிளில் 5 இருக்க வேண்டிய இடத்தில் 12.1 வருகிறது, 12 இருக்க வேண்டிய இடத்தில் 5.06 வருகிறது. புதிய பெட்டியில் வந்த கேபிளில் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன.

டிஸ்க்கில் ஒரு டையோடு 0.4 ஓம் காட்டுகிறது, இரு முள்ளையும் சேர்த்து வைத்தாலே 0.3 காட்டும் மீட்டர் இது. இன்னொன்று பல ஆயிரம் ஓமுக்கு மேல் ஏறிக்கொண்டே போகிறது.

ஈயப்பற்று | ஆகஸ்ட் 17, இரவு 8.45

0.4 காட்டுவது 5 வோல்ட் வழியின் காவல்காரர். கடமையைச் செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அதைப் பெயர்த்து எடுத்துவிட்டால் ஷார்ட் நீங்கும். சோல்டரிங் அயர்ன் பழக்கம் இருந்தால், இரண்டு முனைகளிலும் கொஞ்சம் புது ஈயம் வைத்து, மாறி மாறிச் சூடாக்கி இடுக்கியால் தூக்குங்கள். பழக்கம் இல்லாவிட்டால் உங்கள் ஊரில் செல்போன் பழுதுபார்ப்பவரிடம் போர்டை மட்டும் எடுத்துப்போய்க் காட்டுங்கள், ஐந்து நிமிட வேலை. எடுத்த பிறகு அதே இடத்தில் மறுபடி அளந்து, ஷார்ட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, புதிய பெட்டியின் கேபிளில் மாட்டுங்கள். எழுந்தவுடன் வேறெந்த வேலையும் செய்யாமல் படங்களை நகலெடுங்கள். காவல் இல்லாத டிஸ்க் அது. அதைத் தொடர்ந்து பயன்படுத்த நான் சொல்ல மாட்டேன்.

கடைமடைக்காரன் | ஆகஸ்ட் 19, மாலை 6.10

டிஸ்க் எழுந்துவிட்டது! மன்னார்குடியில் ஒரு செல்போன் கடைக்காரர் டையோடை எடுத்துத் தந்தார், காசுகூட வாங்கவில்லை. எடுத்ததை ஒரு மடித்த காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். நடுவில் கடுகளவு வெடிப்பு இருக்கிறது. 11 மணி நேரம் நகல் ஓடியது, எல்லாப் படங்களும் புதிய டிஸ்க்கில் இருக்கின்றன. பகலில் மட்டும் ஓட்டினேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை அக்கா.

கடைமடைக்காரன் | ஆகஸ்ட் 21, இரவு 8.55

சற்று முன் கணினி மறுபடி அணைந்து எழுந்தது. புதிய 650 வாட் எஸ்எம்பிஎஸ், புதிய கேபிள்கள், அதே ரெண்டர், அதே இரவு நேரம். ஆனால் இம்முறை நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்வெர்ட்டர் டக் டக் டக் என்று மூன்று முறை அடித்தது, மூன்றாவது டக்கோடு திரை போயிற்று.

நிழல்வலை | ஆகஸ்ட் 21, இரவு 9.02

அப்படியானால் லோ வோல்டேஜ்தான். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்கள்.

பழைய_பென்டியம் | ஆகஸ்ட் 21, இரவு 11.30

அந்த டக் டக் பற்றி ஆகஸ்ட் 13 அன்றே நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன், என் பிழை. நண்பர் நிழல்வலைக்கு ஒரு சிறு மறுப்பு. புதிய எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும். அப்படியானால் 170 வோல்ட் வந்தாலும் அது கவலைப்படாது, கொஞ்சம் அதிக ஆம்பியர் இழுத்துக்கொள்ளும். அதைச் சாய்ப்பது குறைந்த மின்னழுத்தமாக இருக்க முடியாது. மின்சாரமே இல்லாத சில மில்லிநொடிகள்தான்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஆக்டிவ் பிஎஃப்சி என்ற உள்ளீட்டுச் சுற்று உள்ள எஸ்எம்பிஎஸ், வரும் மின்சாரம் எதுவானாலும் அதை ஏறத்தாழ 380 வோல்ட் நேர்மின்சாரமாக்கி ஒரு பெரிய கப்பாசிட்டரில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கப்பாசிட்டர் 270 மைக்ரோஃபாரட் என்றும், அது 300 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உள்சுற்று கைவிட்டுவிடும் என்றும் வைத்துக்கொள்வோம். 380இலிருந்து 300 வரை இறங்கும்போது அது தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 7.3 ஜூல். ரெண்டர் ஓடும்போது உங்கள் பிராசஸர் 76 வாட், கார்டு 170 வாட், மற்றவை ஐம்பதுக்குச் சற்று மேல் என்று 300 வாட் ஆகிறது. இழப்பையும் சேர்த்து 333 வாட் என்றால், 7.3 ஜூல் 22 மில்லிநொடி தாங்கும். கணினி சும்மா இருக்கும்போது 67 வாட் என்றால், அதே 7.3 ஜூல் 110 மில்லிநொடி தாங்கும். இரவில் படித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாததும், ரெண்டர் ஓடினால் விழுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லிநொடி. இன்வெர்ட்டர் லைனிலிருந்து பேட்டரிக்குத் தாவ, யூபிஎஸ் முறையில் வைத்திருந்தால் பத்துக்குச் சற்று மேலும் கீழுமாக மில்லிநொடிகள் ஆகும். ஒருமுறை தாவினால் உங்கள் கப்பாசிட்டர் தாங்கிவிடும். ஒரு நொடிக்குள் மூன்று முறை தாவினால், முதல் பள்ளம் நிரம்பும் முன்பே அடுத்த பள்ளம் வந்துவிடும். 550 வாட், 650 வாட் என்ற எண்களால் இதில் பெரிய மாற்றமில்லை. நீங்கள் இரண்டாவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுத்த பணம், முதலாவது நிரபராதி என்பதை நிரூபிக்கப் பயன்பட்டிருக்கிறது.

இது வரை நான் சொன்னது ஊகம். நாளை மாலை அதைச் சோதியுங்கள். இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருக்கும் ஸ்விட்ச் யூபிஎஸ் என்பதில் இருக்கிறதா, சாதாரண முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கணினியை இன்வெர்ட்டர் வழியே வராத நேரடி சாக்கெட்டில் மாட்டி ரெண்டர் கொடுங்கள். பக்கத்தில் மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைமடைக்காரன் | ஆகஸ்ட் 23, இரவு 10.40

ஸ்விட்ச் யூபிஎஸ் முறையில் இருக்கிறது. நேற்றும் இன்றும் ஏழு மணி முதல் ஒன்பதரை மணி வரை நேரடி சாக்கெட்டில் (ஏசிக்காக வைத்த 16 ஆம்பியர் சாக்கெட், அது இன்வெர்ட்டரில் இல்லை) ரெண்டர் ஓடியது. ஏழு மணிக்கு 191 வோல்ட், எட்டு மணிக்கு 174, எட்டரைக்கு 169. கணினி ஒருமுறைகூட அணையவில்லை. ஃபேன் நொண்டியடித்தது, டிவி திரை சிமிட்டியது, கணினி மட்டும் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தது. பிறகு அதை இன்வெர்ட்டர் சாக்கெட்டுக்கு மாற்றினேன். 12ஆவது நிமிடத்தில் டக் டக் டக், திரை போயிற்று.

மின்னேணி | ஆகஸ்ட் 24, காலை 8.15

இது என் பக்கத்து விஷயம், விளக்குகிறேன். உங்கள் பெயரிலேயே விடை இருக்கிறது. ஆற்றுத் தண்ணீருக்குக் கடைமடை இருப்பதுபோல டிரான்ஸ்ஃபார்மருக்கும் கடைமடை உண்டு. கடைசி வீட்டுக்கு வரும் கம்பி நீளமானது, இடையிலே எல்லோரும் எடுத்துக்கொண்ட மிச்சம்தான் உங்களுக்கு. அதனால் உங்கள் வீட்டில் ஏற்றும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் வோல்ட் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும்.

யூபிஎஸ் முறையில் வைத்த இன்வெர்ட்டர், லைன் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரிக்கு மாறிவிடும். மாறியவுடன் கணினியின் சுமையும் பேட்டரி சார்ஜ் ஆகும் சுமையும் லைனிலிருந்து விலகுகின்றன. சுமை விலகியதால் லைன் எழுந்து நிற்கிறது. "கரண்ட் சரியாகிவிட்டது" என்று இன்வெர்ட்டர் லைனுக்குத் திரும்புகிறது. திரும்பியவுடன் சுமை ஏறுகிறது, லைன் மறுபடி விழுகிறது. உங்கள் டக் டக்கின் கதை இதுதான். நீங்கள் ரெண்டர் ஓட்டுவதே அந்த ஊசலாட்டத்தைத் தூண்டுகிறது. பகலில் லைன் 180இலிருந்து வெகு மேலே இருப்பதால் ஊசல் தொடங்குவதே இல்லை.

இனி என்ன செய்யலாம்? இன்வெர்ட்டரைச் சாதாரண முறைக்கு மாற்றுங்கள். அந்த முறையில் அது 100 வோல்ட்டை ஒட்டிப் போகும் வரை லைனை விடாது, டக் டக் நின்றுவிடும். ஆனால் உண்மையிலேயே மின்சாரம் நிற்கும்போது தாவ அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், அந்த இடைவெளியில் கணினி விழும். அதற்காகக் கணினிக்கு மட்டும் மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் ஏவிஆர் உள்ள ஒரு தனி யூபிஎஸ் வையுங்கள். கூடவே மின்வாரியத்தில் குறைந்த மின்னழுத்தப் புகாரை எழுத்தில் கொடுத்து, நேரமும் வோல்ட்டும் குறித்த உங்கள் பட்டியலை இணையுங்கள். தெருவே சேர்ந்து கொடுத்தால் நல்லது.

நிழல்வலை | ஆகஸ்ட் 24, காலை 9.00

யூபிஎஸ்ஸுக்குப் பதில் ஸ்டெபிலைசர் போட்டால் செலவு குறையுமே? அதுவும் மின்னழுத்தத்தை உயர்த்தித் தருகிறதுதானே?

மின்னேணி | ஆகஸ்ட் 24, காலை 9.25

உயர்த்தித் தரும். ஆனால் ரிலே வகை ஸ்டெபிலைசரும் படி மாறும்போது டக்கென்று ஒரு கணம் அறுத்துத்தான் ஒட்டும். டக் சத்தத்தால் விழும் கணினிக்கு இன்னொரு டக் சத்தத்தை வாங்கிவைப்பானேன்? தவிர, மின்சாரம் நின்றால் அதனிடம் பேட்டரி கிடையாது.

பழைய_பென்டியம் | ஆகஸ்ட் 24, காலை 10.10

யூபிஎஸ் வாங்கும்போது விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். மானிட்டரையும் சேர்த்தால் உங்களுக்கு அது விளிம்பு. 1000 விஏ, 600 வாட் எடுங்கள். யூபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் சாக்கெட்டில் மாட்டினால், இன்வெர்ட்டர் சைன் வேவ் வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சதுர அலை தரும் இன்வெர்ட்டர்களைச் சில யூபிஎஸ்கள் மின்சாரமாகவே ஏற்காமல், தம் பேட்டரியைத் தின்றுகொண்டே கீச்சிட்டு நிற்கும்.

கடைமடைக்காரன் | செப்டம்பர் 14, இரவு 9.30

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகைதான். அதைச் சாதாரண முறைக்கு மாற்றிவிட்டேன். 1000 விஏ யூபிஎஸ் ஒன்று மேசைக்கடியில் இருக்கிறது. தினமும் இரவில் ரெண்டர் ஓடுகிறது, ஒருமுறைகூட அணையவில்லை. சென்ற வாரம் இரண்டு முறை மின்சாரம் நின்றது; யூபிஎஸ் ஒரு முறை கீச்சிட்டது, இன்வெர்ட்டர் வந்தது, யூபிஎஸ் அடங்கியது. மின்வாரியத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், 14 வீடுகள் கையெழுத்திட்டன. ஒருவர் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

மென்பொருள் இன்றைக்கும் 12 வோல்ட்டை 11.3 என்றுதான் காட்டுகிறது. நான் அந்தச் சாளரத்தை மூடிவிட்டேன்.

ஈயப்பற்று | செப்டம்பர் 14, இரவு 9.50

மகிழ்ச்சி தம்பி. அந்தப் பழைய 550 வாட்டை என்ன செய்தீர்கள்?

கடைமடைக்காரன் | செப்டம்பர் 14, இரவு 10.05

சித்தப்பா மகன் புதிதாகக் கணினி பொருத்துகிறான், அவனுக்குக் கொடுத்துவிட்டேன் அக்கா. அந்தச் சாட்டா கேபிளையும் டை வெட்டி உருவி, அதே பெட்டிக்குள் போட்டு, இரு முனையிலும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெயரை எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அந்த வெடித்த டையோடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.